முகமும் பெயரும்: ஜி. மாரிமுத்துவின் நடிப்பு வாழ்வு குறித்து

தமிழ்த் திரைப்படத்தில் கதாநாயகன் ஒருவரின் வாழ்வை எழுதுவதற்கு வெற்றிப் படங்களின் வரிசையே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. எந்த ஆண்டு எந்தப் படம் ஓடியது, எது ஓடாமல் போயிற்று, எந்த இயக்குநரின் கைபட்டு அவர் வேறு ஆளானார் என்று அடுக்கினால் ஒரு வரலாறு உருவாகிவிடுகிறது. துணைவேடக்காரரின் வாழ்வு இந்த முறைக்குள் அடங்குவதில்லை. அவர் நடித்த படம் வெற்றி பெற்றால் அந்த வெற்றி அவர் கணக்கில் ஏறுவதில்லை, தோல்வியுற்றால் அதற்கு அவர் பொறுப்பாவதும் இல்லை. ஐம்பது படங்களில் நடித்த பிறகும் பார்வையாளர் அவரைக் கண்டதும் ‘இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே’ என்ற அளவில்தான் நினைவுகூர்கிறார். முகம் சேர்ந்துகொண்டே போகிறது, பெயர் சேர்வதில்லை. இந்த நிலை எவ்வாறு உண்டாகிறது, எந்தச் சூழலில் அது உடைகிறது என்பதை ஆராய்வதற்கு, தேனி மாவட்டம் வருசநாட்டை அடுத்த பசுமலைத்தேரியில் 1967-இல் பிறந்து, 2023 செப்டம்பர் 8 அன்று சென்னையில் மறைந்த ஜி. மாரிமுத்துவின் வாழ்வு தக்க சான்றாக அமைகிறது. உதவி இயக்குநர், இயக்குநர், குணச்சித்திர நடிகர், தொலைக்காட்சித் தொடர் நடிகர் என நான்கு நிலைகளை அவர் கடந்தார்; அவற்றுள் கடைசி நிலையில் மட்டும்தான், அதுவும் பத்தொன்பது மாத காலத்துக்குத்தான், அவர் முகத்தோடு ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது.

துணைவேடம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது படப்பிடிப்புத் தளத்தில் ஒரே தளத்து வேலையாக இருப்பதில்லை. கூட்டக் காட்சிகளில் நின்றுபோகிறவர்களைத் தமிழ்த் திரையுலகம் துணை நடிகர்கள் என்றே அழைக்கிறது. அவர்கள் முகவர்கள் வழியாக நாள்கூலிக்கு அமர்த்தப்படுபவர்கள். வசனமும், கதையில் ஓர் உறவும், அந்த உறவினால் எழும் ஒரு கடமையும் எவருக்குக் கொடுக்கப்படுகின்றனவோ அவர் குணச்சித்திர நடிகர் எனப்படுகிறார்: நாயகியின் தந்தை, ஊர்ப் பெரியவர், காவல் ஆய்வாளர், வில்லனின் வலக்கை போன்றோர் இவ்வகையினர். இவருக்கான ஊதியம் கால்ஷீட் கணக்கில், அதாவது படப்பிடிப்புக்கு அவர் ஒதுக்கித்தரும் நாட்களின் கணக்கில், பேசி முடிக்கப்படுகிறது. நாயகனின் நாட்கள் கிடைப்பதைப் பொறுத்தே பிறருடைய நாட்கள் அமைவதால், ஒரே மாதத்தில் நான்கு படங்களுக்கு நாட்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவற்றுள் மூன்று தள்ளிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது இத்தொழிலின் வழக்கமான அனுபவம்.

மாரிமுத்து பிறந்த நிலத்தைப் பற்றிச் சிறிது விளக்குவது இங்கே தேவைப்படுகிறது. தேனியைத் திரைப்படம் காட்டியிருக்கும் விதத்தில் அம்மாவட்டத்தின் உள்வேறுபாடு மறைந்துபோயிருக்கிறது. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் முடிந்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கு நீர்வளம் மிக்க வயல்வெளியாயிற்று. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வரை நெல்லும் தென்னையும் திராட்சையும் விளைகின்றன. சின்னமனூருக்கு அருகிலுள்ள ஓடைப்பட்டி பேரூராட்சி விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். அந்த ஓடைப்பட்டிக்குக் கிழக்கே மேகமலையைச் சேர்ந்த மலைத்தொடர் குறுக்கே நிற்க, அதற்கு அப்பால் கிடப்பது வருசநாடு. வைகை பிறக்கும் இடம் அதுவேயாயினும், அந்த ஆற்றின் தலைமாட்டிலிருக்கும் ஊர்கள் பெரிதும் மானாவாரி நிலத்தையும் இலவம் பஞ்சையும் நம்பியே வாழ்ந்துவந்திருக்கின்றன. மலையின் இருபுறத்துப் பேச்சும் ஏறத்தாழ ஒன்றுதான். ‘வந்தாய்ங்க’, ‘அங்கிட்டு’ என்று செல்லும் மதுரைப் பக்கத்துத் தமிழின் கிளைதான் அது. ஆனால் பிழைப்பு ஒன்றன்று. படிப்பை முடித்த இளைஞன் ஊரைவிட்டு வெளியேறுவது வருசநாட்டுப் பக்கத்தில் வியப்புக்குரிய செய்தியாக இருந்ததில்லை.

இந்த மாவட்டம் திரைத்துறைக்குத் தந்தவர்களைப் பட்டியலிட்டால் இயக்குநர்களும் இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களுமே முன்வந்து நிற்பார்கள்: அல்லிநகரத்தின் பாரதிராஜா, பண்ணைப்புரத்தின் இளையராஜாவும் கங்கை அமரனும், வடுகபட்டியின் வைரமுத்து, பெரியகுளத்தின் பாலா. நடிகர்கள் இவ்வரிசையில் குறைவு. கேமராவுக்குப் பின்னால் நிற்பதுதான் தேனிக்காரரின் இடம் என்ற எண்ணம் 1980-களில் வளர்ந்த ஓர் இளைஞனின் மனத்தில் இயல்பாகவே பதிந்திருக்க வேண்டும். மாரிமுத்துவும் இயக்குநராகும் எண்ணத்தோடுதான் 1990-இல் சென்னைக்குப் புறப்பட்டார், நடிகராகும் எண்ணத்தோடு புறப்படவில்லை.

ஒரு தலைமுறைக்கு முன்னர் வழி வேறாக இருந்தது. அன்றைய மதுரை மாவட்டத்துச் சேடப்பட்டியில் 1928-இல் பிறந்த எஸ். எஸ். இராஜேந்திரன், சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்சியளித்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளின் வழியாக டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் வளர்ந்து, 1952-இல் வெளியான ‘பராசக்தி’யில் நாயகன் குணசேகரனின் சகோதரர்களுள் ஒருவராகத் துணைவேடத்தில் அறியப்பட்டவர். பின்னர் அவர் நாயகனாகவும் நடித்தார்; ‘இலட்சிய நடிகர்’ என்ற அடைமொழியைப் பெற்றார்; 1962-இல் தேனித் தொகுதியிலிருந்து திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் திரைப்பட நடிகர் என்ற பெயரையும் ஈட்டினார். அவருக்கு நாடகக் குழு உச்சரிப்பையும் மேடைக் கட்டுப்பாட்டையும் மட்டும் தரவில்லை. ஊர் ஊராகச் சென்று ஆடிய நாடகங்களின் வழியே திரைக்கு முன்னதாகவே ஒரு பெயரையும் தந்துவிட்டிருந்தது. அக்காலத் துணைவேடக்காரர்கள் பலருக்கும் இது பொருந்தும். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த வி. கே. ராமசாமி 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தில் கிழவராக நடித்தபோது அவருக்கு இருபது வயதைச் சற்றே கடந்திருந்தது. இளைஞனை முதியவனாக்கும் துணிவை அவருக்கும், அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும், நாடக மேடைதான் அளித்திருந்தது.

பாய்ஸ் கம்பெனிகள் மறைந்த பிறகு குணச்சித்திர நடிகரை உருவாக்கும் நிறுவனம் எது என்ற கேள்விக்குத் தமிழ்த் திரையுலகம் தெளிவான விடை எதையும் அமைத்துக்கொள்ளவில்லை. நாட்டார் கலைகளிலிருந்தும், தெருநாடகக் குழுக்களிலிருந்தும், சென்னையின் கூத்துப்பட்டறை போன்ற பயிற்சிக் களங்களிலிருந்தும் சிலர் வந்தனர். ஆயினும் எண்ணிக்கையில் மிகுந்தும், யாரும் திட்டமிடாமலும் உருவான பள்ளி உதவி இயக்குநர்களின் கூட்டமே ஆகும். கே. பாக்யராஜ், மணிவண்ணன், மனோபாலா ஆகிய மூவரும் பாரதிராஜாவிடம் பணியாற்றி இயக்குநர்களாகி, நடிகர்களாகவும் ஆனவர்கள். அவர்களுள் மணிவண்ணனையும் மனோபாலாவையும் பிந்தைய தலைமுறை நடிகர்களாகவே அறிந்திருக்கிறது. உதவி இயக்குநரின் வேலையைப் பார்த்தால் இதன் காரணம் புலப்படும். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே உடையும் பொருளும் கைநிலையும் மாறாமல் காப்பது, நடிகருக்கு வசனத்தைப் படித்துக் காட்டுவது, தேவைப்படும்போது அதைப் பேசிக் காட்டுவது, நாயகன் வருவதற்கு முன் அவர் நிற்கவேண்டிய இடத்தில் தாம் நின்று ஒளியமைப்புக்கு உதவுவது, ஆள் வராத சிறு வேடத்துக்குத் தாமே ஆளாவது என அவன் நாள் முழுவதும் நடிப்பின் அருகிலேயே இருக்கிறான். நடிப்பை மதிப்பிடும் கண் அவனுக்கு முதலில் வருகிறது, நடிக்கும் கூச்சம் பிறகு போகிறது.

மாரிமுத்துவின் தொடக்க ஆண்டுகள் இப்பள்ளியின் முழுப் பாடத்திட்டத்தையும் கொண்டிருந்தன. சென்னையில் முதலில் உணவகங்களில் பரிமாறும் வேலை பார்த்த அவருக்கு, இலக்கிய ஈடுபாட்டின் வழியாக, தம் மாவட்டத்துக்காரரான வைரமுத்துவுடன் தொடர்பு ஏற்பட்டது. அதன் பின்னர் ராஜ்கிரண் இயக்கிய ‘அரண்மனைக் கிளி’ (1993), ‘எல்லாமே என் ராசாதான்’ (1995) ஆகிய படங்களில் உதவி இயக்குநரானார். மணிரத்னம், வசந்த், சீமான், எஸ். ஜே. சூர்யா ஆகியோரிடமும் அவர் பணியாற்றினார். சிலம்பரசன் நடித்த ‘மன்மதன்’ (2004) படத்தின் குழுவிலும் இருந்தார். இந்தப் பெயர்களுக்கிடையே அழகியல் ஒற்றுமை ஏதும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ராஜ்கிரணின் கிராமமும் மணிரத்னத்தின் நகரமும் ஒரே உதவியாளரின் கைக்குள் வந்து போயிருக்கின்றன. ‘வாலி’ (1999), ‘உதயா’ (2004) ஆகிய படங்களில் அவர் முகம் சிறிது நேரம் தென்பட்டதும் இக்காலத்தில்தான். அவை வேடங்கள் என்று சொல்லத்தக்கவையாக இல்லை.

பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு 2008-இல் அவர் இயக்கிய முதல் படம் வெளியாயிற்று. பிரசன்னாவும் உதயதாராவும் நடித்த ‘கண்ணும் கண்ணும்’ நல்ல விமர்சனங்களைப் பெற்றபோதிலும் அவருக்கு அடுத்த வாய்ப்பை விரைந்து கொண்டுவரவில்லை. அப்படத்தின் காதல் கதையை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. ஆனால் தன் கிணற்றைக் காணவில்லை என்று வடிவேலு காவல்துறையிடம் புகார் செய்யும் நகைச்சுவைப் பகுதியை அறியாத தமிழர் அரிது. வெட்டப்படாத கிணறு வெட்டப்பட்டதாகத் தாளில் மட்டும் இருக்கும் அரசாங்க உலகத்தைக் கேலி செய்யும் அப்பகுதி, எந்தப் படத்தைச் சேர்ந்தது, யார் இயக்கியது என்ற விவரங்களை உதிர்த்துவிட்டு, தானே தனித்து வாழத் தொடங்கிவிட்டது. படைத்தவரின் பெயர் ஒட்டாமல் படைப்பு மட்டும் பரவும் இந்த விதி மாரிமுத்துவின் வாழ்வில் நடிகராவதற்கு முன்பே செயல்பட்டிருக்கிறது. இரண்டாவது படமான ‘புலிவால்’ (2014), ‘சாப்பா குரிசு’ என்ற மலையாளப் படத்தின் மறுவாக்கம். அதற்குப் பின் அவர் படம் இயக்கவில்லை.

இவ்விரு படங்களுக்கும் இடைப்பட்ட ஆறாண்டு இடைவெளியில் நடிப்பு வந்து சேர்ந்தது. 2011-இல் வெளியான ‘யுத்தம் செய்’ படத்தில் மிஷ்கின் அவருக்கு ஊழல் மலிந்த காவல்துறை அதிகாரி ஒருவரின் வேடத்தை அளித்தார். அப்போது மாரிமுத்துவுக்கு நாற்பத்து மூன்று வயது. வி. கே. ராமசாமியின் தலைமுறை இளமையில் முதுமையை நடித்தது என்றால், இவர் முகத்தில் வயது தானாக வந்து அமர்ந்த பிறகுதான் நடிக்க வந்தார்; ஒப்பனை செய்யவேண்டிய வேலையைக் காத்திருந்த ஆண்டுகளே செய்து முடித்திருந்தன. கனத்த உடல், அடர்ந்த மீசை, எதிராளியை அளந்து பார்க்கும் நிதானம் ஆகியவற்றைக் கண்ட பிற இயக்குநர்களும் அவரைக் காக்கிச் சட்டைக்குள்ளேயே மீண்டும் மீண்டும் நிறுத்தினர். ஒரு வேடத்தில் பொருந்தியவரை அதே வேடத்துக்கே அழைப்பது திரையுலகின் சோம்பல் என்று விமர்சகர்கள் கூறுவதுண்டு. தயாரிப்பின் தரப்பிலிருந்து பார்த்தால் அது செலவைக் குறைக்கும் வழியும் ஆகும். கதாநாயகனுக்கு எதிரே நிற்கும் ஆய்வாளர் நேர்மையானவரா, விலைபோனவரா என்பதைப் பார்வையாளர் அவரது முகத்திலிருந்தே ஊகித்துவிட்டால் அதை விளக்கும் ஒரு காட்சி மிச்சமாகிறது. பழகிய முகம் என்பது சுருக்கெழுத்தைப் போல இயங்குகிறது. எழுதுவோருக்கு அது வசதி, எழுத்தாகப் பயன்படுகிறவருக்கு அது சிறை.

இயக்குநராக இருந்து நடிக்க வந்தவர்களுக்கு இச்சந்தையில் கூடுதலான சில தகுதிகள் உண்டு. எந்தக் கோணத்தில் எவ்வளவு அசைவு தெரியும், படத்தொகுப்பில் எது எஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரியுமாதலால், ஒரே காட்சியைப் பலமுறை எடுக்கவேண்டிய தேவை குறைகிறது. தம் பகுதி ஒரு நாளில் முடியவேண்டும் என்ற நெருக்கடியை அவர்கள் தாமே அனுபவித்தவர்கள். ‘ஆரோகணம்’ (2012), ‘நிமிர்ந்து நில்’ (2014), ‘கொம்பன்’ (2015), ‘மருது’ (2016), ‘கொடி’ (2016), ‘பைரவா’ (2017) என மாரிமுத்துவின் படங்கள் பெருகிய வேகத்தை இந்தத் தகுதிகளே விளக்குகின்றன. இவற்றுள் பலவற்றில் அவருக்குக் கிடைத்தது சில காட்சிகளே. நடிகராக அவரை மதிப்பிட அவை போதுமானவையாக இல்லை என்று சொல்லிக் கடந்துபோவதுதான் நியாயம்.

மதிப்பீட்டுக்கு உரிய வேடம் 2018-இல் வந்தது. மாரி செல்வராஜ் இயக்கி, பா. இரஞ்சித்தின் நீலம் புரொடக்ஷன்ஸ் தயாரித்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில், சட்டக் கல்லூரி மாணவி ஜோவின் தந்தையாக அவர் நடித்தார். தம் வீட்டுத் திருமணத்துக்கு மகள் அழைத்ததை நம்பி வந்துவிட்ட தலித் மாணவன் பரியனை அவர் தனியறைக்கு அழைத்துச் சென்று பேசத் தொடங்குகிறார். உறவினர்கள் உள்ளே புகுந்து அவனை அடித்து இழிவுபடுத்துகின்றனர். அந்த அறையில் அந்தத் தந்தை செய்வது என்ன என்பதில்தான் இவ்வேடத்தின் அருமை இருக்கிறது. அவர் அடிப்பதில்லை, தடுப்பது போலத் தோன்றினாலும் அந்தத் தடுப்பு எதையும் தடுப்பதில்லை. பையனின் மீது அவருக்கு இரக்கம் உண்டு, மகளின் மீது அன்பும் உண்டு. இரண்டும் சேர்ந்தாலும் சாதியின் முன் நிற்கும் வலு அவற்றுக்கு இல்லை என்பதை மாரிமுத்து வசனத்தினால் காட்டாமல், யாருடைய கண்ணையும் நேராகப் பார்க்காத பார்வையாலும், கெஞ்சலுக்கும் எச்சரிக்கைக்கும் இடையில் தளர்ந்து நிற்கும் குரலாலும் காட்டினார். காவல்துறை வேடங்களில் அதிகாரத்தின் அடையாளமாகப் பயன்பட்ட அதே கனத்த உடல் இங்கே அதிகாரம் இருந்தும் பயனற்று நிற்கும் ஒருவரின் சுமையாகிறது. கொடியவனாக நடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. கொடுமைக்கு இடம்விடும் நல்லவனாக நடிப்பதில் நடிகர் தம்மீது பார்வையாளர் கொள்ளும் அன்பை இழக்கவும் துணியவேண்டும், வெறுப்பைத் தேடிக்கொள்ளவும் கூடாது.

படத்தின் இறுதியில் அதே தந்தை பரியனைக் காண வருகிறார். காலம் மாறலாம் என்னும் பொருள்பட அவர் சொல்லும் சொற்களில் வாக்குறுதி ஏதும் இல்லை. இரு தேநீர்க் குவளைகள், ஒன்றில் பால் கலந்தது, ஒன்றில் கலவாதது, அருகருகே இருக்கப் படம் முடிகிறது. இந்த இறுதிக் காட்சியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் குவளைகளின் குறியீட்டைப் பற்றியே எழுதினர். அக்குறியீடு மேடைப்பேச்சாகச் சரிந்துவிடாமல் இருப்பதற்கு, எதிரே அமர்ந்திருப்பவர் முழுவதும் திருந்திவிட்டவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளாதது ஒரு முக்கியமான காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இதே படத்தில் மற்றொரு தந்தையும் இருக்கிறார். பரியனின் தந்தையாக, பெண்வேடமிட்டு ஆடும் கலைஞராகத் தோன்றிய தங்கராசு, வாழ்விலும் நெல்லைப் பகுதியின் நாட்டார் கலைஞராகவே இருந்தவர். ஒருவர் திரைத்தொழிலின் உள்ளிருந்து வந்தவர், மற்றவர் கூத்துக்களத்திலிருந்து வந்தவர். இருவரும் 2023-இலேயே மறைந்தனர். தங்கராசின் பெயர் அந்த ஒரு வேடத்தினால் நிலைத்தது. மாரிமுத்துவுக்கு அந்த அளவு பெயரைக்கூட அந்தப் படம் ஈட்டித் தரவில்லை. ஏற்கெனவே பல படங்களில் பார்த்திருந்த முகம் என்பதால் பார்வையாளர் அதைக் கண்டுபிடிப்பாகக் கொள்ளவில்லை.

தேனி நிலத்தைக் களமாகக் கொண்ட படங்களில் துணைவேடங்களுக்குத் தேசிய அளவில் மதிப்புக் கிடைத்தது மாரிமுத்து நடிக்க வந்த ஆண்டுகளை ஒட்டித்தான் என்பதை இடையே குறிப்பிடலாம். 2010-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 58-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், போடியை அடுத்த குரங்கணி மலைப்பகுதியில் எடுக்கப்பட்ட ‘மைனா’வுக்காகத் தம்பி ராமையா சிறந்த துணை நடிகரானார், தேனி வட்டாரக் கதையான ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் தாயாக நடித்த சரண்யா பொன்வண்ணன் சிறந்த நடிகைக்கான விருதைப் பகிர்ந்துகொண்டார். மறு ஆண்டு, தேனிப் பகுதி எழுத்தாளர் பாஸ்கர் சக்தியின் கதையிலிருந்து உருவான ‘அழகர்சாமியின் குதிரை’ படத்துக்காக அப்புக்குட்டி துணை நடிகர் விருதைப் பெற்றார். இம்மூவருள் எவரும் தேனிக்காரர் அல்லர். நிலமும் கதையும் தேனியிலிருந்து எடுக்கப்பட, அவற்றைத் தாங்கும் முகங்கள் வேறிடங்களிலிருந்து வந்தன. தேனியின் முகமோ சென்னையிலும் நெல்லையிலும் காவலராகவும் தந்தையாகவும் நடித்துக்கொண்டிருந்தது. திரைத்தொழிலின் இந்தக் குறுக்குமறுக்கான நடமாட்டத்துக்கு ஆழ்ந்த பொருள் கற்பிக்கத் தேவையில்லை. ஒரு வட்டாரத்தின் பேச்சு ஒரு நடிகரிடம் இயல்பாக இருப்பது சந்தையில் அவ்வளவு பெரிய தகுதியாகக் கருதப்படவில்லை என்பதை மட்டும் அது காட்டுகிறது.

அத்தகுதிக்கு விலை கிடைத்த இடம் தொலைக்காட்சி. திருச்செல்வம் இயக்கத்தில் 2022 பிப்ரவரி 7 அன்று சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’, மதுரையில் ஒரு பெருங்குடும்பத்துக்கு மருமகள்களாக வந்த படித்த பெண்கள் அடுப்படிக்குள் ஒடுக்கப்படுவதையும், அவர்கள் ஒவ்வொருவராக எதிர்த்து எழுவதையும் கதையாகக் கொண்டது. அந்தக் குடும்பத்தின் மூத்தவரான ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். ‘பராசக்தி’யின் குணசேகரன் தங்கைக்காக நீதிமன்றத்தில் சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவன், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பெயரைத் தாங்கிய இந்த அண்ணன் வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தானே நீதிபதியாக அமர்ந்திருந்தான். இது தற்செயலாகவே இருக்கக்கூடும். ஆயினும் பெயரைக் கேட்ட மூத்த தலைமுறையினர் சிலருக்கேனும் பழைய குணசேகரன் நினைவுக்கு வராமல் இருந்திருக்க முடியாது.

தொடர் வடிவம் நடிகருக்குச் செய்வது என்ன என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். திரைப்படம் இருட்டறையில் முழுக் கவனத்தோடு பார்க்கப்படுவது. தொடரோ வீட்டு வேலைகளுக்கு நடுவே பார்க்கப்படுவது, அதைவிட மிகுதியாகக் கேட்கப்படுவது. இரவு ஒன்பதரை மணிக்குப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பவர் கூடத்திலிருந்து வரும் குரலைக் கொண்டுதான் கதையைத் தொடர்கிறார். ஆகையால் முகத்தைவிடக் குரலுக்கு இங்கே மதிப்பு கூடுகிறது. தாழ்ந்து, இழுத்து, ஒன்றும் நடக்காதது போலப் பேசிக்கொண்டே வந்து திடீரென உயரும் மாரிமுத்துவின் குரலும், அதில் எவ்விதப் பயிற்சியும் இன்றிக் கலந்திருந்த வைகைக்கரைப் பேச்சும் இவ்வடிவத்துக்கு மிகவும் பொருந்தின. ‘இந்தாம்மா ஏய்’ என்று அவர் பெண்களை அதட்டும் விளி, அச்சுறுத்தலாகத் தொடங்கி, சில மாதங்களில் கைப்பேசிகளில் பரவும் கேலித் துணுக்காக மாறிற்று. எழுதப்பட்ட வசனத்தைவிட, மூச்சுவிடும் இடத்தில் இயல்பாக வந்துவிழும் இத்தகைய சிறு விளிகளே ஒரு நடிகரை மக்களின் வாயில் ஏற்றுகின்றன. எவ்வளவு தேர்ந்த எழுத்தாளரும் இவற்றை முன்கூட்டித் திட்டமிட முடியாது.

இரண்டாவது காரணம் பழக்கத்தின் நீளம். ஒரு படத்தில் பத்து நிமிடம் தோன்றுகிறவரை அடுத்த படத்தில் வேறொரு பெயரோடு பார்க்கும்போது முந்தைய பெயர் அழிந்துவிடுகிறது. தொடரில் ஒரே பெயர், ஒரே வெள்ளை வேட்டி சட்டை, ஒரே நாற்காலி நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றன. 2006-க்குப் பின் மாநில அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும், 2011-இல் மாதம் எழுபது ரூபாய்க்கு அளிக்கப்பட்ட அரசு கேபிள் இணைப்பும் தொலைக்காட்சியை ஓடைப்பட்டி போன்ற சிற்றூர்களின் எளிய வீடுகளுக்குள்ளும் கொண்டுசேர்த்துவிட்டிருந்தன. திரையரங்குக்குச் செல்லும் வழக்கம் குறைந்துபோன நடுவயதுப் பெண்கள் இத்தொடர்களின் முதன்மைப் பார்வையாளர்கள்; பத்தாண்டுகளில் மாரிமுத்து நடித்த படங்களில் பெரும்பாலானவற்றை அவர்கள் பார்த்திருக்கும் வாய்ப்புக் குறைவு. அவர்களைப் பொறுத்தவரை அவர் புதியவராகவே வந்தார்.

அந்தப் பார்வையாளர்கள் அவரை ஏற்றுக்கொண்ட விதம் எளிதில் விளக்கக்கூடியதாக இல்லை. குணசேகரன் பெண்களின் கல்வியை ஏளனம் செய்பவன், சொத்துக்காகத் தங்கையின் திருமணத்தையே பேரமாக்குபவன். அவனை வெறுக்கவேண்டிய பெண்களே அவன் திரையில் தோன்றும் நேரத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். அவனுக்குள் நகைச்சுவையைப் புகுத்தியது மாரிமுத்துவின் தேர்ச்சி என்பதில் ஐயமில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் அதிகாரத்தின் கோமாளித்தனத்தை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆனால் அதே நகைச்சுவை ஆணாதிக்கத்தை ரசிக்கத்தக்கதாக ஆக்கி, அதன் கூர்மையை மழுக்கியது என்ற குறையையும் மறுப்பதற்கில்லை. பெண்களின் எதிர்ப்பைச் சொல்ல எழுந்த கதை, நாளடைவில் எதிர்க்கப்படுகிறவனின் கதையாகச் சாய்ந்தது; துணைவேடம் தன் இடத்தை மீறி வளரும்போது கதையின் நோக்கம் எவ்வளவு தூரம் விலகிப்போகும் என்பதற்கு இத்தொடர் ஓர் எடுத்துக்காட்டு.

திரைக்கு வெளியே அவர் பகுத்தறிவு சார்ந்த கருத்துகளை வெளிப்படையாகப் பேசியவர். 2023-இல் ஒரு தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சியில் சோதிடத்தைக் கடுமையாக மறுத்துப் பேசியது சோதிடர்களின் எதிர்ப்பைக் கிளப்பிற்று. அந்தப் பேச்சு அவ்வளவு தூரம் பரவியதற்குக் காரணம் அதைப் பேசியது குணசேகரனின் குரல் என்பதுதான். படங்களில் மட்டுமே நடித்துவந்த காலத்தில் அவர் இதையே சொல்லியிருந்தால் கேட்டவர் சிலராகவே இருந்திருப்பர். வேடம் பழைமைவாதி, நடிகர் பகுத்தறிவாளர் என்ற இந்த முரண், பார்வையாளருக்கு நடிப்பு என்பது நடிப்புதான் என்பதை உணர்த்திய அரிய தருணங்களுள் ஒன்றாக அமைந்தது.

திரைப்படமும் அப்போது அவரைப் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கியிருந்தது. 2021-இல் ‘அத்ரங்கி ரே’ என்ற இந்திப் படத்திலும், 2022-இல் ‘விக்ரம்’ படத்திலும் தோன்றிய அவர், 2023 ஆகஸ்ட் 10 அன்று வெளியான ‘ஜெயிலர்’ படத்தில் வில்லன் கூட்டத்தைச் சேர்ந்தவராக நடித்திருந்தார். அந்த வேடம் அளவில் சிறியது. பத்தாண்டுகளுக்கு முன் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வேடங்களிலிருந்து பெரிதாக வேறுபட்டதும் அன்று. வேறுபட்டிருந்தது திரையரங்கின் வரவேற்பு: அவர் தோன்றியதும் அடையாளம் கண்டுகொண்ட ஆரவாரம் எழுந்தது, அந்த அடையாளம் தொலைக்காட்சியிலிருந்து கொண்டுவரப்பட்டது. சின்னத்திரை என்று சற்றே இளக்காரமாகக் குறிப்பிடப்படும் ஊடகம் பெரிய திரைக்கு ஒரு நடிகரின் பெயரைக் கடனாகக் கொடுத்த நிகழ்வாக அதைக் கொள்ளலாம்.

படம் வெளியாகி ஒரு மாதம் நிறைவதற்குள், 2023 செப்டம்பர் 8 காலை, ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரிமுத்துவுக்கு உடல்நலம் குன்றியது. டப்பிங் என்பது படம்பிடித்த காட்சிக்குப் பின்னர் ஒலிக்கூடத்தில் அமர்ந்து, உதட்டசைவுக்கு ஏற்ப வசனத்தை மீண்டும் பேசிப் பதிவு செய்யும் முறை. நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடர்களில் நடிகர்கள் படப்பிடிப்பு நேரத்துக்கு அப்பால் இதற்கெனவும் தனியே நேரம் ஒதுக்கவேண்டியிருக்கிறது. மாரடைப்பினால் அவர் இறந்தார். உடல் பசுமலைத்தேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

தொடர் நிற்கவில்லை. சிறிது காலம் குணசேகரன் வீட்டைவிட்டுச் சென்றுவிட்டதாகக் கதை நகர்த்தப்பட்டது. பின்னர் அவ்வேடத்தில் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி வந்தார். இராமநாதபுரம் மாவட்டம் பெருநாழியைச் சேர்ந்த அவரும் நடுவயதைக் கடந்த பின் திரைக்கு வந்தவர், ‘மதயானைக் கூட்டம்’ (2013) படத்தினால் அறியப்பட்டவர், கம்பீரமான மீசையும் தென்மாவட்டப் பேச்சும் உடையவர். பார்வையாளர் பலர் அவரை உடனே ஏற்கவில்லை. அவரது நடிப்பில் குறை இருந்ததால் அன்று, குணசேகரன் என்ற பெயர் ஏற்கெனவே வேறொரு குரலோடு பிணைந்துவிட்டிருந்ததால். இருப்பினும் பெயருக்கு உரிமையாளர் தயாரிப்பு நிறுவனமே, நடிகர் அல்லர் என்பதை அந்த மாற்றம் தெளிவாக்கிற்று. ‘எதிர்நீச்சல்’ 2024 ஜூன் 8 அன்று நிறைவடைந்தது. அடுத்த மாதம் 12-ஆம் தேதி வெளியான ‘இந்தியன் 2’ படத்தில் மாரிமுத்து மீண்டும் ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். அவ்வாண்டு டிசம்பரில் தொடரின் இரண்டாம் பாகம் தொடங்கியபோது ஆதி குணசேகரனாக வேல ராமமூர்த்தியே நடித்தார்.